பெட்டிக்குள் பொரிந்த பாம்புகள்: கிங்ஸ்னேக் வளர்ப்பின் வரலாறு

கிங்ஸ்னேக் எனப்படும் பாம்புகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. லாம்ப்ரோபெல்டிஸ் என்ற பேரினத்தில் அடங்கும் இவை, கனடாவின் தென்பகுதி முதல் ஈக்வடார் வரை பரவியிருக்கின்றன. பெயர் ராஜநாகத்தை நினைவூட்டினாலும் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. கிங்ஸ்னேக்குக்கு நஞ்சு கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்குவது இதன் வழக்கம். எலி, பல்லி, பறவைகளின் முட்டை ஆகியவற்றோடு பிற பாம்புகளையும் தின்னும். கிலுகிலுப்பை விரியனின் நஞ்சைத் தாங்கும் ஆற்றல் இதன் இரத்தத்தில் இருப்பதால் அந்த விரியனும் இதற்கு இரைதான். அதனாலேயே, பாம்பென்றால் அடித்துக் கொல்லும் அமெரிக்கப் பண்ணைக்காரர்களில் பலர் கிங்ஸ்னேக்கை மட்டும் விட்டுவைத்தார்கள்.

பெரும்பாலானவை ஒரு மீட்டர் நீளத்தைச் சுற்றியே இருக்கும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள் கண்ணைக் கவரும். கையில் எடுத்துப் பழக்கினால் பெரும்பாலும் சாதுவாகிவிடும். கூண்டில் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இத்தனை வசதிகள் இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி வரை இப்பாம்பைக் காட்டிலிருந்து பிடித்து வந்து வைத்திருந்தார்களே தவிர, வீட்டில் முட்டையிட வைத்துக் குட்டி எடுத்தவர்கள் மிகச் சிலரே. அந்த நிலை மாறியபோது விலங்கியலில் சில சிக்கல்கள் தீர்ந்தன; ஒரு வணிகம் பிறந்தது; கடல் கடந்த ஒரு தீவுக்குக் கேடும் வந்தது.

அருங்காட்சியகக் காலம்

ஐரோப்பியர்கள் இப்பாம்பை முதலில் அறிந்தது அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில். மார்க் கேட்ஸ்பி 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வெளியிட்ட கரோலினா இயற்கை வரலாற்று நூலில், உடலெங்கும் சங்கிலிக் கோலம் கொண்ட ஒரு கரும்பாம்பின் படம் இருந்தது. லின்னேயஸ் 1766இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கலிபோர்னியாவில் வாழும் கிங்ஸ்னேக்கைப் பிரெஞ்சு விலங்கியலாளர் பிளேன்வில் 1835இல் விவரித்தார். லாம்ப்ரோபெல்டிஸ் என்ற பேரினப் பெயரை 1843இல் வைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த ஃபிட்சிங்கர்.

அடுத்த முக்கால் நூற்றாண்டில், சாராயத்தில் ஊறவைத்த பாம்புகள் அருங்காட்சியகங்களில் குவிந்தன. செதில்களை எண்ணியும் பட்டைகளை அளந்தும் புதுப் புது இனங்கள் அறிவிக்கப்பட்டன. நிறமோ கோலமோ சற்று மாறியிருந்தால் அதுவே தனி இனமாகிவிடும். இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தியவர் ஃபிராங்க் பிளான்சர்டு. கிங்ஸ்னேக் பேரினம் முழுவதையும் மறு ஆய்வு செய்து அவர் எழுதிய நூலை அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் 1921இல் வெளியிட்டது. ஆனால் இறந்த உடல்களை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு மட்டும் விடை காண முடியவில்லை. ஒரே ஊரில் இரு வேறு கோலம் கொண்ட பாம்புகள் கிடைத்தால், அவை இரண்டு இனங்களா, ஒரே இனத்தின் இரண்டு தோற்றங்களா?

கிளாபரின் முட்டைகள்

கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள சான் டியேகோ வட்டாரத்தில் இந்தக் கேள்வி கண்முன்னே ஊர்ந்துகொண்டிருந்தது. அங்கே உடலைச் சுற்றி வெள்ளை வளையங்கள் கொண்ட கிங்ஸ்னேக்கும் உண்டு; முதுகின் நடுவே தலை முதல் வால் வரை ஒரே நீள்கோடு ஓடும் கிங்ஸ்னேக்கும் உண்டு. இவை இரண்டு இனங்கள் என்றே நூல்கள் சொல்லி வந்தன.

லாரன்ஸ் கிளாபர் தொழிலால் மின்பொறியாளர். சான் டியேகோவின் மின்சார, எரிவாயு நிறுவனத்தில் படிப்படியாக உயர்ந்து தலைவரானவர். பாம்பு அவருக்கு ஓய்வுநேர ஆர்வம். அந்த ஆர்வமே அவரைக் கிலுகிலுப்பை விரியன்களைப் பற்றிய உலகப் பெரும் வல்லுநராக்கியது. முட்டை சுமந்த நிலையில் பிடிபட்ட கிங்ஸ்னேக்குகளின் முட்டைகளைப் பொரிக்க வைத்தபோது, ஒரே தாயின் ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து வளையக் குட்டிகளும் கோட்டுக் குட்டிகளும் சேர்ந்தே வந்தன. இதை அவர் 1936இல் வெளியிட்டார். 1939இலும் 1944இலும் மேலும் சான்றுகளைச் சேர்த்தார். இரண்டு இனங்கள் ஒன்றாயின. ஆயிரம் பாடம் செய்த உடல்கள் தராத விடையை ஒரு சில முட்டைகள் தந்துவிட்டன. பிற்காலத்தில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஸ்வைஃபெல், இக்கோலங்கள் மரபுவழி இறங்கும் முறையை இனப்பெருக்கச் சோதனைகளால் ஆராய்ந்து 1981இல் எழுதினார்.

மேற்கு டெக்சஸின் வறண்ட மலைகளிலும் இதே கதை மறுபடி நடந்தது. டேவிஸ் மலைப்பகுதியில் கிடைத்த, சாம்பல் உடலில் மெல்லிய கரும்பட்டை கொண்ட ஒரு பாம்பை ஆர்தர் எர்வின் பிரவுன் 1901இல் விவரித்தார். அகன்ற செம்பட்டை கொண்ட இன்னொன்று 1950இல் வேறோர் இனமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் பல்லாண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே கிடைத்ததால், அமெரிக்காவின் மிக அரிய பாம்புகள் என்று பெயர் பெற்றன. உண்மையில் அவை பாறைப் பிளவுகளுக்குள் வாழ்ந்து இரவில் மட்டும் வெளிவருபவை. கோடை இரவுகளில் நெடுஞ்சாலைகளில் மெதுவாகக் காரை ஓட்டிச் சென்று, விளக்கொளியில் பாம்பைத் தேடும் முறை பரவிய பிறகே அவை கிடைக்கத் தொடங்கின. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இருவகைக் குட்டிகளும் வந்ததை எர்னஸ்ட் டான்சர் 1970இல் வெளியிட்டார்; அந்த இரண்டு இனங்களும் ஒன்றாகின. அதுவே இன்று சாம்பல்பட்டை கிங்ஸ்னேக் எனப்படுகிறது.

பிடிப்பவர் காலம்

இதே காலத்தில் பாம்பு வளர்ப்பு ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியது. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்திய ரேமண்ட் டிட்மார்ஸ், 1907இல் எழுதிய ஊர்வன நூலால் இளைஞர்களை ஈர்த்தார். புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸில் ராஸ் ஆலன் 1929இல் தொடங்கிய நிலையம், பாம்புகளைக் காட்சிக்கு வைத்ததோடு அஞ்சல் வழியாகவும் விற்றது. ஸ்டேட்டன் தீவு விலங்குக் காட்சிசாலையின் கார்ல் காஃபெல்டு 1957இலும் 1969இலும் எழுதிய இரண்டு நூல்கள் ஒரு தலைமுறையையே பாம்பு தேடிக் காட்டுக்கும் சாலைக்கும் அனுப்பின.

அக்காலத்தில் வளர்ப்பு என்பது பிடித்து வைப்பதுதான். கூண்டில் இறந்த பாம்புக்குப் பதில் காட்டிலிருந்து இன்னொன்று வரும். நல்ல வேட்டையிடங்களில் கவிழ்ந்து கிடக்கும் பலகைகளும் தகரங்களும் ஆண்டுதோறும் புரட்டப்பட்டன. பாறைகளைப் பெயர்த்துப் பாம்பு தேடியதால் அவற்றின் மறைவிடங்களே அழிந்தன.

1970களில் சட்டங்கள் இறுகின. அமெரிக்காவின் அழியும் உயிரினச் சட்டம் 1973இல் வந்தது. உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்பாடு 1975இல் நடைமுறைக்கு வந்தது. மாநிலங்களும் தத்தம் பாம்புகளுக்குக் காப்பு விதித்தன. 1981இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை அட்லாண்டா பகுதியில் ஒரு போலி வணிக நிறுவனத்தையே நடத்தி, சட்டத்துக்கு மாறாக ஊர்வன விற்றவர்களைப் பல மாநிலங்களில் பிடித்தது. காட்டுப் பாம்பை வைத்திருப்பது சட்டச் சிக்கலாக மாறியதும், வீட்டில் பொரித்த பாம்புக்கு மதிப்பு கூடியது.

குளிரின் பாடம்

கூண்டில் இனப்பெருக்கம் நெடுங்காலம் கைகூடாததற்கு முதன்மையான காரணம், பாம்பைக் குளிரவிடாமல் வளர்த்ததுதான். வெப்பநாட்டு உயிரைப்போல ஆண்டு முழுவதும் ஒரே சூட்டில் வைத்து, இடைவிடாமல் இரை கொடுத்து வந்தனர். இணை சேர்ந்தாலும் முட்டைகள் பெரும்பாலும் கூமுட்டைகளாகவே போயின. மிதவெப்பப் பகுதிக் கிங்ஸ்னேக்கின் உடல், குளிர்காலம் கடந்தால்தான் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. நீண்ட குளிர் உறக்கத்துக்குப் பின் வசந்தத்தில் பெண்ணின் சினைப்பையில் கருமுட்டைகள் வளர்கின்றன. ஆணின் விந்தணு நலமாக இருப்பதற்கும் அந்தக் குளிர் உதவுகிறது.

இது புரிந்ததும் வளர்ப்போர் ஓர் ஆண்டுச் சுழற்சியை வகுத்துக்கொண்டனர். இலையுதிர் காலத்தில் இரை கொடுப்பதை நிறுத்தி, குடல் காலியான பிறகு பாம்பை ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் உள்ள இருட்டறையில் இரண்டு மூன்று மாதங்கள் வைப்பார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் இருக்கும். வசந்தத்தில் மெல்லச் சூடேற்றி, நிறைய இரை கொடுத்துத் தேற்றுவார்கள். பெண் முதல் முறை சட்டை உரித்ததும் ஆணோடு சேர்ப்பார்கள். பாம்பு தின்னும் பாம்பாதலால், ஜோடியை ஒரே பெட்டியில் கண்காணிப்பின்றி விடுவதில்லை. இணை தேடி வந்த ஆண் இரையாகிப் போவதும் உண்டு.

இணை சேர்ந்து ஒன்றரை, இரண்டு மாதங்களில் பெண் முட்டையிடும். அதற்கு ஒன்று, இரண்டு வாரங்களுக்கு முன்பு மீண்டும் சட்டை உரிக்கும். வளர்ப்போருக்கு அதுவே அறிகுறி. உடனே ஈரப் பாசி நிரப்பி, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கூண்டில் வைப்பார்கள். அது இல்லையென்றால் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே முட்டையிட்டு அவற்றைக் கெடுத்துவிடும்.

அடைவைக்கும் கலை

மலைப்பாம்பைப் போலக் கிங்ஸ்னேக் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாப்பதில்லை. காட்டில் இற்றுப்போன மரத்தின் அடியிலோ வளையிலோ முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். மீதி வேலை மண்ணின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் உரியது. கலிபோர்னியக் கிங்ஸ்னேக் ஒரு முறை 5 முதல் 12 முட்டைகள் வரை இடுவது வழக்கம். கோழி முட்டைபோல ஓடு கெட்டியாக இருக்காது. பதனிட்ட மெல்லிய தோல்போல வளையும். அதன் வழியாக நீர் உள்ளேயும் வெளியேயும் செல்லும். சுற்றிலும் ஈரம் குறைந்தால் முட்டை குழிந்து சுருங்கும், மிகுந்தால் அழுகும்.

தொடக்க காலத்தில் மண், மட்கிய மரத்தூள், ஈரக் காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் கண்ணாடிச் சாடியில் இட்டு முட்டைகளைப் புதைத்தார்கள். பூஞ்சணம் பிடித்துப் பெரும்பகுதி வீணானது. தோட்டக் கடைகளில் செடித் தொட்டிக்கென விற்கப்பட்ட வெர்மிகுலைட் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மைக்கா வகைக் கனிமத்தைச் சூடாக்கிப் பொரியவைத்துப் பெறும் இப்பொருள் நீரைப் பிடித்து வைக்கும். கனிமம் என்பதால் பூஞ்சணத்துக்கு உணவாகாது. எடைக்கு எடை தண்ணீர் சேர்த்துப் பிசைவது பலரும் கைக்கொண்ட அளவு. பெர்லைட்டும் ஸ்பாக்னம் பாசியும் பின்னர் அதனோடு சேர்ந்தன.

சூட்டுக்கு வேறு தொழில்களின் கருவிகள் கைகொடுத்தன. கோழிக்குஞ்சு பொரிக்கும் தெர்மோகோல் இன்குபேட்டரில், முட்டையைத் திருப்பும் பொறியை மட்டும் கழற்றிவிட்டால் போதும். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்குள் சூட்டுப் பட்டையும் தெர்மோஸ்டாட்டும் பொருத்தினால் நூற்றுக்கணக்கான முட்டைகளை அடைவைக்கும் அறை ஆயிற்று. பனிக்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் மின்சூட்டு நாடா, செருப்புப் பெட்டி அளவுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளின் அடுக்குகளுக்குச் சூடு தந்தது. கண்ணாடித் தொட்டிக்குப் பதில் இத்தகைய பெட்டி அடுக்குகள் வந்ததும், ஒரு படுக்கையறையில் நூறு பாம்புகளைத் தனித்தனியே வைக்க முடிந்தது.

முட்டைகளைக் கையாளுவதில் சில விதிகள் நிலைபெற்றன. இட்ட சில மணி நேரங்களில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிக்காமல் கொத்தாகவே எடுத்து வைக்க வேண்டும். கரு முட்டையின் மேற்பக்கச் சுவரோடு இணைந்து வளர்வதால் புரட்டக் கூடாது. அதற்காக மேற்புறத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் இடுவார்கள். 26 முதல் 29 டிகிரி வரையுள்ள சூட்டில் 55 முதல் 70 நாட்களுக்குள் பொரியும். சூடு குறைந்தால் நாள் நீளும். மிகுந்தால் முதுகெலும்பு வளைந்த குட்டிகளும் இறந்த கருக்களும் மிகும். முதலையையும் பல ஆமைகளையும் போல அடைகாக்கும் சூடு இங்கே ஆண், பெண்ணைத் தீர்மானிப்பதில்லை; பாம்புகளில் அது குரோமோசோம்களின் வேலை.

காலம் நிறைந்ததும் குட்டி, மேல்தாடை நுனியிலுள்ள சிறு முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டும். எஞ்சிய மஞ்சள் கருவை உடலுக்குள் உறிஞ்சி முடிக்கும்வரை ஒரு நாளோ இரண்டு நாளோ அப்படியே இருக்கும். ஒரு வாரம், பத்து நாட்களில் முதல் சட்டையை உரித்த பிறகே இரை தேடும். அதன் இயல்பான முதல் இரை பெரும்பாலும் பல்லி. வீட்டு வளர்ப்பில் கிடைப்பதோ எலிக்குஞ்சு. சாம்பல்பட்டைக் குட்டிகள் எலியை ஏறெடுத்தும் பார்க்காமல் பட்டினி கிடப்பது வழக்கம். எலிக்குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்து மணமேற்றிக் கொடுப்பது வளர்ப்போர் கண்ட உத்தி. ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் குட்டிகளைப் பிறந்ததிலிருந்தே தனித்தனிப் பெட்டியில் வைப்பார்கள்.

நிறங்களின் சந்தை

பாம்பின் நிறத்தை விரும்பியபடி உண்டாக்கலாம் என்பதை முதலில் காட்டியது கிங்ஸ்னேக் அல்ல, அதன் உறவான கார்ன் ஸ்னேக். ஜார்ஜியா மாநிலத்தின் வால்டோஸ்டாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் பெர்னார்டு பெக்டெலும் அவர் மனைவி எலிசபெத்தும், வட கரோலினாவில் 1953இல் பிடிபட்ட கறுப்பு நிறமியற்ற ஓர் ஆண் பாம்பை இயல்பான பாம்போடு இணைத்தனர். முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் இயல்பான நிறத்தில் பிறந்தன. அவற்றுக்குள் இணை சேர்த்தபோது 1961இல் அல்பினோக் குட்டிகள் பொரிந்தன. அல்பினோத் தன்மை மெண்டலின் விதிப்படி இறங்கும் ஒடுங்கு பண்பு என்று 1962இல் அவர்கள் எழுதிய கட்டுரை நிறுவியது.

அதன் வழியே கலிபோர்னியக் கிங்ஸ்னேக்கிலும் காட்டில் கிடைத்த அல்பினோக்களைக் கொண்டு வம்சங்கள் உருவாக்கப்பட்டன. வளையமும் கோடும் கலந்தவை, மஞ்சள் மிகுந்தவை, வெள்ளை மிகுந்தவை என்று பட்டியல் நீண்டது. கிங்ஸ்னேக்கையும் கார்ன் ஸ்னேக்கையும் இணைத்துக் கலப்பினமும் எடுத்தார்கள். கிளாபர் வியந்து பதிந்த இயற்கை வேறுபாடு இப்போது விலைப்பட்டியலின் வரிசை எண்ணாயிற்று.

அறிவும் வேகமாகப் பரவியது. ஊர்வன இனப்பெருக்கத்துக்கென 1976இல் ஆய்வரங்குகள் தொடங்கின. 1990இல் புளோரிடாவின் ஆர்லாண்டோவில் வளர்ப்போருக்கான தேசியச் சந்தை முதன்முதலில் கூடியது. அதே ஆண்டில் ரொனால்டு மார்க்கலின் கிங்ஸ்னேக் நூல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலிவு விலைக் கையேடுகள் பெருகின. உறையவைத்த எலி கடைகளில் கிடைத்ததால், எலி வளர்க்காமலே பாம்பு வளர்க்க முடிந்தது. தன் மண்ணின் ஊர்வனவற்றை விற்கத் தடை விதித்திருந்த கலிபோர்னியா, கிங்ஸ்னேக் உள்ளிட்ட மூன்று வகைப் பாம்புகளை மட்டும் உரிமத்தோடு இனம்பெருக்கி விற்க வழிவிட்டது. டெக்சஸ் 2007இல் சாலையோரத்தில் பாம்பு பிடிப்பதைத் தடை செய்து, 2011இல் கட்டண அனுமதியோடு மீண்டும் திறந்தது.

தீவுக்குப் போன பாம்பு

பெட்டியில் பிறந்த பாம்பு பெட்டியைவிட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்பதற்கு விடை ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள ஸ்பெயினின் கானரித் தீவுகளில் கிடைத்தது. அத்தீவுகளில் இயற்கையாகப் பாம்பே கிடையாது. கிரான் கனேரியா தீவில் 1998இல் கலிபோர்னியக் கிங்ஸ்னேக் முதன்முதலாகக் காணப்பட்டது. அது அங்கே இனம்பெருக்குவது 2007இல் உறுதியாயிற்று. பிடிபட்டவற்றில் அல்பினோக்களும் நீள்கோட்டுப் பாம்புகளும் இருந்ததால், அவை வளர்ப்புப் பெட்டிகளிலிருந்து வந்த வம்சம் என்பதில் ஐயமில்லை.

தாயகத்தைப் போன்ற மிதமான வானிலையும் பாம்பை அறியாத இரையும் அங்கே ஒருங்கே கிடைத்தன. வேட்டையாடும் எதிரிகளோ குறைவு. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாம்பு பரவிய இடங்களில் அத்தீவுக்கே உரிய ராட்சதப் பல்லி 90 விழுக்காட்டுக்கு மேலும், அரணை 80 விழுக்காட்டுக்கு மேலும், சுவர்ப்பல்லி 50 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துவிட்டதைக் காட்டியது. அந்த ராட்சதப் பல்லி காட்டுச் செடிகளின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புவதால், இழப்பு செடிகளையும் தொடும். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2011 முதல் 2015 வரை ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. பொறிகள், மோப்ப நாய்கள், பயிற்றிய பருந்துகள், பொதுமக்களின் தகவல் என எல்லாம் பயன்பட்டன. ஆயிரக்கணக்கில் பாம்புகள் பிடிபட்டன. ஆனாலும் வாழ்நாளின் பெரும்பகுதியை நிலத்தடியில் கழிக்கும் பாம்பை ஒழிக்க முடியவில்லை. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கட்டுப்படுத்த வேண்டிய அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்து, வளர்ப்பதற்கும் விற்பதற்கும் இனம்பெருக்குவதற்கும் தடை விதித்தது.

இன்றைய நிலை

வகைப்பாடு இப்போது முட்டையிலிருந்து மரபணுவுக்கு நகர்ந்துவிட்டது. ஒரே இனமாகக் கருதப்பட்ட பொதுக் கிங்ஸ்னேக்கை 2009இல் பைரனும் பர்பிரிங்கும் மரபணுச் சான்றுகளைக் கொண்டு ஐந்து இனங்களாகப் பிரித்தனர். ஆனால் வளையமும் கோடும் ஒன்றே என்ற கிளாபரின் முடிவு மாறவில்லை.

வளர்ப்புச் சந்தையில் கிங்ஸ்னேக்குக்குப் பஞ்சமில்லை. வீட்டில் பொரித்த குட்டிகள் மலிந்ததால் பொதுவான வகைகளைக் காட்டில் பிடிக்கும் தேவை குறைந்தது. ஆனால் லின்னேயஸ் பெயரிட்ட கிழக்குக் கிங்ஸ்னேக் அதன் சொந்த மண்ணில் அருகி வருகிறது. புளோரிடாவின் சில பகுதிகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. தென் கரோலினாவில் ஆள் நடமாட்டம் தடுக்கப்பட்ட அணுசக்தி வளாகத்தில்கூட அதன் எண்ணிக்கை சரிந்ததை 2007இல் வெளிவந்த ஆய்வு பதிந்தது. முட்டைகளைத் தாக்கும் அயல்நாட்டு நெருப்பெறும்பும் வாழிட அழிவும் காரணங்களாகச் சந்தேகிக்கப்படுகின்றன. பெட்டிகளில் பெருகிய பாம்புகளைக் கொண்டு இந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. அவை நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பல வட்டாரங்களின் மரபு கலந்தவை. கூண்டு நோய்களைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடியவை. காட்டுக் கிங்ஸ்னேக்கின் நிலைப்பு அதன் வாழிடத்தைக் காப்பதைப் பொறுத்தே இருக்கிறது.